அமெரிக்கத் தொழிற்சாலை வீடுகளின் வெளிச்சுவர்ப் பலகைகள்

தொழிற்சாலையில் முழுமையாகக் கட்டி, இரும்புச் சட்டத்தின் மேல் சக்கரங்களில் ஏற்றி, மனைக்கு இழுத்துச் செல்லப்படும் வீடுகள் ஐக்கிய அமெரிக்காவில் நடமாடும் வீடுகள் எனப்பட்டன. பெயர்தான் அப்படி, பெரும்பாலானவை ஒருமுறை நிறுத்தப்பட்ட பின் நகர்வதே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாட்டால் இவை பெருகின. 1954-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மார்ஷ்ஃபீல்டில் எல்மர் ஃபிரே 10 அடி அகல வீட்டை உருவாக்கினார். வண்டி என்பது மாறி வீடு என்ற நிலை வந்தது. ஆனால் கட்டுமானம் வண்டிக்கு உரியதாகவே நீடித்தது. எடையைக் குறைக்க 2 அங்குல மரச்சட்டங்கள், மெல்லிய அலுமினியத் தகடு, சற்றே வளைந்த தகரக் கூரை. தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் பலகை அடுக்கு இல்லாத வீடுகள் ஏராளம். மூட்டுகளில் பூசிய பசை காய்ந்து வெடித்ததும் மழைநீர் நேராக மரத்தை அடைந்தது.

1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறையின் விதிகள் 1976 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. இந்த நாளே இன்றும் எல்லைக்கோடு. அதற்கு முந்தைய வீடுகளுக்குக் கடன் கிடைப்பது அரிது. பல ஊர்களில் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தவும் அனுமதியில்லை.

புதிய விதிகள் வெளிச்சுவர்ச் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. அலுமினியத்துக்கு மாற்றாக ஹார்ட்போர்டு என்னும் அழுத்த மரநார்ப் பலகை பரவியது. மிசிசிப்பியின் லாரல் நகரில் வில்லியம் மேசன் 1924-இல் கண்டுபிடித்த பொருள் இது. மரச்சாயலுடன் மலிவாகக் கிடைத்தது. ஆனால் வெட்டிய விளிம்பிலும் ஆணித் துளையிலும் சாயம் விடுபட்டால் நீரை உறிஞ்சி ஊதிவிடும். கீழ் விளிம்பு முதலில் பிட்டு மாதிரி உதிரும். பிறகு உள்ளே சட்டமும் மக்கும். மேசனைட் பலகைகள் குறைபாடுள்ளவை என 1996-இல் அலபாமா நடுவர் குழு முடிவுசெய்தது; அந்தக் கூட்டு வழக்கு 1998-இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவில் ஆயிரக்கணக்கான இத்தகைய வீடுகளைச் சிதைத்தது. 1994-இல் காற்று மண்டலங்களுக்கேற்ற கடுமையான விதிகள் வந்தன. பழைய வீடுகளை அவை கட்டுப்படுத்தவில்லை.

பின்னர் பழைய பலகைகளுக்கு மேலேயே வினைல் பொருத்துவது வழக்கமாயிற்று. இது நோயை மறைக்கும் வேலை. வினைல் இணைப்புகள் நீர்புகாதவை அல்ல. பின்னால் சேரும் ஈரம் வெளியில் தெரிவதும் இல்லை. மனையை வாடகைக்கு எடுத்து வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, முழுதும் பிரித்துச் செப்பனிடும் செலவு சில வேளைகளில் வீட்டின் விலையையே எட்டிவிடும்.

இதில் இன்னொரு இடரும் உண்டு. 1976-க்குப் பிந்தைய வீடுகளின் ஒவ்வொரு பகுதியிலும் வெளிச்சுவரில் சிவப்பு உலோகச் சான்றுத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். பலகை மாற்றும்போது அது கழற்றி எறியப்படுவதோ வினைலுக்குள் மறைவதோ உண்டு. தொலைந்த தகட்டுக்கு மாற்றுத் தகடு தரப்படுவதில்லை. கடன் வழங்குவோர் கேட்டால், பழைய பதிவுகளிலிருந்து சரிபார்ப்புக் கடிதம் பெறவேண்டும். அதற்குத் தேவையான விவரங்கள் சமையலறை அலமாரிக்குள்ளோ மின்பெட்டியருகிலோ ஒட்டிய காகிதத்தில் இருக்கும்.