நடுவரைக் குறை சொன்னால் அபராதமா?



போன வாரம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அங்கே ரக்பி லீக் என்று ஒரு விளையாட்டு. ஆட்டம் முடிந்த பிறகு பத்திரிகையாளர்களிடம் "நடுவர் தீர்ப்பு சரியில்லை" என்று பயிற்சியாளர் பேசினால், லீக் நிர்வாகம் அபராதம் போட்டுவிடுமாம். 2021-ல் சிட்னி ரூஸ்டர்ஸ் அணியின் பயிற்சியாளர் டிரென்ட் ராபின்சனுக்கு 20,000 டாலர். "பேசுனதுக்குக் காசா சார்? இது நியாயமா? நீங்க வரலாறு வாத்தியார், சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

ரக்பி ஆட்டத்தை நான் டி.வி.யில்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் கேள்வி ரக்பியைப் பற்றியது இல்லை. தீர்ப்புச் சொல்பவரை, அந்தத் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்கலாமா என்பதுதான் கேள்வி. இது நம் ஊர் வழியாக நடந்துபோன பழைய கேள்வி.

கொடும்பாளூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மூவர் கோயில்தான் தெரியும். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டு. அதற்கும் வெகுகாலம் முன்பே நம் ஊர் இலக்கியத்தில் ஏறிவிட்டது. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையவர், கொடும்பை என்ற ஊரின் குளத்தருகே வழி மூன்றாகப் பிரியும் என்கிறார். அந்தக் கொடும்பை நம் கொடும்பாளூர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. வகுப்பில் இதைச் சொன்ன அன்று, "அப்ப கண்ணகி நம்ம குளத்துல தண்ணி குடிச்சிருப்பாங்களா சார்?" என்று கேட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தக் கண்ணகி மதுரையில் செய்தது என்ன? நாட்டின் கடைசி நடுவரான பாண்டிய மன்னனின் முகத்துக்கு நேரே, தீர்ப்பு தவறு என்றாள். வாயிற்காவலன் அவளை விரட்டவில்லை; அரசனிடம் போய்ச் சொன்னான். அரசன் உள்ளே விடச் சொன்னான். அவளும் கோபப்பட்டதோடு நிற்கவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்தே காட்டினாள். பொற்கொல்லன் பேச்சை நம்பி விசாரிக்காமல் தண்டித்த அரசன், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு அங்கேயே உயிரை விட்டான். பிறகு அவள் மதுரையை எரித்தது தனிக்கதை. அதற்கெல்லாம் எந்த மேட்ச் ரெஃப்ரியும் 50 சதவீத அபராதத்தோடு விட்டிருக்க மாட்டார்!

இதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பேச இடம் கிடைத்தது. சான்று வைக்க வாய்ப்புக் கிடைத்தது. தீர்ப்புச் சொன்னவர் தவறை ஒப்புக்கொண்டார். இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, நமக்கெல்லாம் தெரிந்த கிரிக்கெட்டுக்கு வருவோம்.

1981 பிப்ரவரி, மெல்போர்ன் டெஸ்ட். கவாஸ்கர் 70 ரன்னில் இருக்கும்போது லில்லியின் பந்தில் எல்.பி.டபிள்யூ. என்று நடுவர் ரெக்ஸ் வைட்ஹெட் விரலைத் தூக்கினார். பந்து மட்டையில் பட்டது என்பது கவாஸ்கரின் வாதம். கோபத்தில், எதிர்முனையில் நின்ற சேத்தன் சவுகானையும் கூட்டிக்கொண்டு வெளியேற நடந்தார். எல்லைக்கோட்டருகே அணி மேலாளர் துரானி வந்து சவுகானைத் திருப்பி அனுப்பினார். அனுப்பியது நல்லதாயிற்று, கபில்தேவ் 5 விக்கெட் எடுக்க, அந்த டெஸ்டை இந்தியா 59 ரன்னில் ஜெயித்தது. சவுகானும் வெளியேறியிருந்தால் ஆட்டமே போயிருக்கும். அந்தச் செயலுக்காகப் பின்னாளில் கவாஸ்கரே வருத்தம் தெரிவித்தார்.

அப்போது சர்வதேச அளவில் நடத்தை விதி என்று எழுதி வைத்த ஒன்று கிடையாது. 1987-ல் பைசலாபாத்தில் இங்கிலாந்து கேப்டன் கேட்டிங்கும் பாகிஸ்தான் நடுவர் ஷக்கூர் ராணாவும் விரலை நீட்டிச் சண்டை போட்டதில் ஒரு நாள் ஆட்டமே நின்றுபோனது. இப்படியே விட்டால் சரிப்படாது என்று ஐசிசி நடத்தை விதிகளையும், அவற்றைப் பார்த்துக்கொள்ள மேட்ச் ரெஃப்ரி என்ற பதவியையும் கொண்டுவந்தது. 1991 கடைசியில் தொடங்கிய ஆஸ்திரேலியா - இந்தியா தொடரில்தான் முதல் மேட்ச் ரெஃப்ரி வந்தார். போட்டி ஊதியத்தில் இத்தனை சதவீதம் பிடித்தம் என்ற செய்தியை நாம் பேப்பரில் படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

அடுத்து நம் தமிழ்ப் பிள்ளை ஒருவரின் கதை. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டேரல் ஹேர், கையை மடக்கி எறிகிறார் என்று மூன்றே ஓவருக்குள் 7 முறை நோ பால் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ராஸ் எமர்சன் மறுபடியும் கொடுத்தார். இடையில் பல்கலைக்கழகச் சோதனைக்கூடங்களில் கையைப் பரிசோதித்து, பிறவியிலேயே அவருக்கு முழங்கை முழுதாக நிமிராது என்று சொல்லியிருந்தார்கள். கேப்டன் அர்ஜுன ரணதுங்க பொறுக்கவில்லை. நடுவரின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார், அணியை எல்லைக்கோடு வரை கூட்டிப்போனார், ஆட்டம் கால் மணி நேரம் போல நின்றது. இலங்கை 303 ரன்னை விரட்டி ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. வெற்றி ரன்னை அடித்தது முரளியேதான்.

ரணதுங்கவுக்கு என்ன கிடைத்தது? போட்டி ஊதியத்தில் 75 சதவீத அபராதம், மீண்டும் தவறு செய்தால் அமலாகும்படி 6 ஆட்டத் தடை.

சில ஆண்டுகள் கழித்து ஐசிசி நவீனக் கேமராக்களை வைத்துப் பந்துவீச்சாளர்களை அளந்து பார்த்தது. ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் பந்து வீசும்போது கொஞ்சம் நிமிர்கிறது, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. 2005-ல் எல்லோருக்கும் 15 டிகிரி வரை என்று விதியை மாற்றினார்கள். முரளி 2010-ல் 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். ரணதுங்க விரலை ஆட்டிய விதம் தவறு என்பேன், அபராதம் சரிதான். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. அபராதச் சீட்டில் இந்த இரண்டையும் பிரித்து எழுத இடமில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். கடைசி ஓவரில் ஒரு நடுவர் நோ பால் என்று கை நீட்ட, லெக் பக்கம் நின்ற நடுவர் இல்லை என்றார். ஏற்கெனவே அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்த தோனி, மைதானத்துக்குள்ளேயே நடந்து வந்து வாதாடினார். 50 சதவீத அபராதம். நம் வீட்டிலேயே அன்று இரண்டு கட்சி. என் கட்சி, அபராதம் குறைவு என்பது. அவுட்டான ஆள் உள்ளே வந்து நடுவரைக் கேள்வி கேட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் கண்மாய்ப் பொட்டலில் ஆடும் பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள்.

கால்பந்திலும் இதே கதை. 2023 மார்ச்சில் பெங்களூருவில் சுனில் சேத்ரி விரைவாக அடித்த ஃப்ரீ கிக் கோல் செல்லும் என்று நடுவர் சொன்னதும், கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே வெளியே கூட்டிப்போய்விட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய், அவருக்கு 5 லட்ச ரூபாயும் 10 ஆட்டத் தடையும். அதே ஆண்டு டிசம்பரில் நடுவர்களின் தரத்தைக் குறை சொல்லிப் பேசியதற்காக மறுபடியும் ஒரு ஆட்டத் தடை, 50,000 ரூபாய் அபராதம். முதலாவது செயலுக்கான தண்டனை. இரண்டாவது வெறும் பேச்சுக்கான தண்டனை. இந்த இரண்டும் ஒன்றா?

இதற்கு நல்ல உதாரணம் நம் அஸ்வின்தான். ஒரே ஆள், இரண்டு அபராதம்.

முதலாவது, 2023 ஏப்ரல் 12, சேப்பாக்கம். ராஜஸ்தான் அணிக்காக ஆடி, சென்னையை 3 ரன்னில் வீழ்த்தி, ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். பிறகு பத்திரிகையாளர் சந்திப்பில், பனி காரணமாக நடுவர்கள் தாங்களாகவே பந்தை மாற்றியது தனக்கு ஆச்சரியமாக இருந்தது, எதைச் செய்தாலும் எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரி செய்யுங்கள் என்ற பொருளில் சொன்னார். யாரையும் திட்டவில்லை, நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. ஜெயித்த அணிக்காரர் என்பதால் தோல்வியின் எரிச்சலும் இல்லை. 25 சதவீத அபராதம்.

இரண்டாவது, 2025 ஜூன் 8, கோவை. டிஎன்பிஎல் ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ. கொடுத்த பெண் நடுவரிடம் மைதானத்திலேயே வாதாடி, மட்டையைக் காலில் ஓங்கி அடித்துக்கொண்டு போனார். மறுகாட்சியில் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது போலத்தான் தெரிந்தது. எதிர்ப்புக் காட்டியதற்கு 10, மட்டையால் அடித்ததற்கு 20, ஆக 30 சதவீதம்.

இரண்டாவதில் அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம், ஆனால் சொன்ன விதம் தவறு, அபராதம் சரி. முதலாவதில் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் அந்த 25 சதவீதம் எதற்கு? கேள்வி கேட்டதற்கு. அதைத்தான் நான் நியாயமில்லை என்கிறேன். அதிலும் ஐபிஎல் விதிப்படி முதல் நிலைக் குற்றம் என்றால் மேட்ச் ரெஃப்ரி சொன்னதே இறுதி. பாண்டியன் அரண்மனையில்கூட ஒரு வாயிற்காவலன் இருந்தான்!

நடுவர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நடுநிலை தவறியவன் ஆவேன். நம் சென்னை வெங்கட்ராகவனை எடுத்துக்கொள்ளுங்கள். 57 டெஸ்ட் ஆடியவர், 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய கேப்டன். பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்டு 73 டெஸ்டுக்கு நடுவராக நின்றார். அந்த இடத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு பார்வை, ஒரு நொடி. நாம் சோபாவில் உட்கார்ந்து பத்து முறை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறோம். ஆட்டக்காரர் மைக்கைப் பிடித்துக் குறை சொல்லலாம். நடுவர் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்வது வழக்கம் இல்லை. பதில் பேச முடியாதவரை ஊரறியப் பேசாதே என்பதுதான் அபராத விதிக்குப் பின்னால் இருக்கும் நல்ல நியாயம். இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. சொந்த நாட்டு நடுவர்களைப் பற்றிப் புகார் எழுந்துகொண்டே இருந்ததால்தான், 1986-ல் லாகூரில் பாகிஸ்தான் - மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டுக்கு நம் நாட்டு வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவராகப் போனார்கள். இன்று பொதுநாட்டு நடுவர் என்பது சாதாரணம். 2008 ஜனவரி சிட்னி டெஸ்டில் வந்த தவறான தீர்ப்புகளுக்கு எழுந்த கூச்சலில், அடுத்த டெஸ்டில் இருந்து ஸ்டீவ் பக்னரை மாற்றினார்கள். அதே ஆண்டு இலங்கையில் டிஆர்எஸ் முறையைச் சோதித்தார்கள். யாரும் வாயே திறக்காமல் இருந்திருந்தால் இவை வந்திருக்குமா?

இதில் ஓர் அநியாயமும் தெரிகிறது. பணபலம் உள்ள கிரிக்கெட் வாரியம் புகார் சொன்னால் நடுவர் மாறுகிறார். தனி ஆட்டக்காரர் சொன்னால் அவர் ஊதியம் குறைகிறது. கோடியில் சம்பாதிப்பவருக்கு 25 சதவீதம் பெரிதில்லை; கட்டிவிட்டுப் பேசுவார். சிறிய லீக்கில் ஆடும் ஏழைப் பையன் பயந்து வாயை மூடிக்கொள்வான். ஆக, அபராதம் பேச்சை நிறுத்துவதில்லை. இல்லாதவன் பேச்சை மட்டும் நிறுத்துகிறது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு நியாயம் சொல்லும் முன் என் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா. உடற்கல்வி ஆசிரியர் விடுப்பில் போனதால் கபடிக்கு என் கையில் விசிலைக் கொடுத்தார்கள். ஒரு பையன் பாடிப் போனான். நாலு பேர் அமுக்கியும் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். நான் அவுட் என்று ஊதிவிட்டேன். எழுந்து வந்து, "சார், கை கோட்டைத் தொட்டுருச்சு சார். நீங்க அந்தப் பக்கம் நின்னீங்க, பாக்கல" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் நூறு பேர் முன்னால் கோபம் வந்துவிட்டது. "வாத்தியாரையே எதுத்துப் பேசுறியா" என்று சாயங்கால இறுதி ஆட்டத்தில் அவனை உட்கார வைத்துவிட்டேன். அவன் அணி தோற்றது.

அன்று மாலை, கோட்டருகே நின்ற சக ஆசிரியர் டீ குடிக்கும்போது சொன்னார்: "அவன் தொட்டான் சார். நான் கையத் தூக்குறதுக்குள்ள நீங்க ஊதிட்டீங்க." திங்கட்கிழமை வகுப்பில் அவன் முன்வரிசையில் இருந்தான். நான் பாடம் நடத்தினேன். எதுவும் சொல்லவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. அது பாதிக்கப்பட்டவன் போட்ட அபராதம். அதைக் கட்டியது நான்.

ஆகவே ஆஸ்திரேலிய மாணவருக்கு என் பதில். மைதானத்தில் நடுவரை மிரட்டினால், திட்டினால், ஆட்டத்தை நிறுத்தினால், நேர்மையைச் சந்தேகித்தால் தாராளமாக அபராதம் போடட்டும். ஆட்டம் முடிந்த பின் மரியாதையாக, காரணத்தோடு "இந்தத் தீர்ப்பு தவறு" என்று சொன்னால் போடக் கூடாது. அந்தக் கேள்வியை எடுத்துப் பார்த்து, தவறு நடுவருடையது என்றால் நிர்வாகம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறை ஒப்புக்கொண்டால் நடுவரின் மரியாதை குறையாது. பாண்டியனை இத்தனை நூற்றாண்டு கழித்தும் நாம் நினைப்பது அவன் ஒப்புக்கொண்டதற்காகத்தான்.

அந்தக் கபடிப் பையன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறான். பெயர் சொல்லவில்லை. தம்பி, உன் கை கோட்டைத் தொட்டது. சொல்ல முப்பது வருஷம் ஆகிவிட்டது.

மற்றவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். என்னைக் குறை சொன்னாலும் அபராதம் கிடையாது.

எல்லோரும் நலமாக இருங்கள்.