ஒலிவாங்கி எவர் கையில்?

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தோர் அந்தக் காட்சியை மறந்திருக்கமாட்டார். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் வானொலிக்குரிய பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையினாற் சுற்றுவர். டைனமோவிற் பிறக்கும் சிறு மின்னோட்டத்தில் வானொலிப் பெட்டி உயிர் பெறும். ஒருவர் சுற்றச் சுற்றியிருந்து பத்துப் பேர் கேட்பர். லண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். தம் வீட்டுக்கு இரண்டு மைல் தூரத்தில் விழுந்த குண்டைப் பற்றி ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் குரல் சொல்ல, அதனை நம்பி உறங்கச் சென்றது ஒரு சமூகம்.

இதனை நம்மவரின் விடாமுயற்சிக்குச் சான்றாகப் போற்றுவோர் பலர். போற்றத்தக்கதே. ஆயினும், தென்னாசியாவில் மிக முன்னதாகவே அச்சுப் பண்பாட்டைக் கண்ட ஒரு நிலப்பகுதி, வானொலி பிறந்து ஏறத்தாழ எழுபதாண்டுகள் சென்ற பின்னரும் தன் செய்தியைத் தானே கேட்பதற்கு அந்நிய நாட்டு நிலையங்களை நாட நேர்ந்தது ஏன்? போர் என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் இந்நிலைக்கான விதை போருக்கு வெகு முன்னரே ஊன்றப்பட்டுவிட்டது.

கருவி எவருக்குச் சொந்தம் என்பது முக்கியமான விடயம் என யாழ்ப்பாணத்தார் பிறரிடம் பாடம் கேட்டு அறியவேண்டியிருக்கவில்லை. 1841இல் அமெரிக்க மிஷன் 'உதயதாரகை'யை வெளியிட்டது. எட்டு ஆண்டுகளின் பின், 1849இல், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தமக்கென ஓர் அச்சியந்திரசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் பிரசுரங்களுக்கு மறுப்பு எழுதினால் மட்டும் போதாது, அதனை அச்சிடும் இயந்திரமும் தம்மிடம் இருத்தல் வேண்டும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். 1889இல் சைவ பரிபாலன சபையார் 'இந்து சாதன'த்தைத் தொடங்கியதும் அதே உணர்வின் தொடர்ச்சியே. ஒரு சிறுபான்மை தன் குரலுக்குத் தானே உடைமையாளனாகும் முயற்சிகள் இவை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும், எழவும் வேண்டும். 'தான்' என்றது யாரை? இயந்திரத்தை வாங்கியவர்கள் யாழ்ப்பாணத்துச் சைவ உயர்சாதிக் கற்றோர். 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ் நகர் நோக்கிச் சாதிக் கொடுமைக்கெதிராக ஊர்வலம் புறப்பட்டபோது, அதில் நடந்த மக்களுக்கென்று ஓர் அச்சகமோ நாளேடோ இருக்கவில்லை. கைப்பிரசுரங்களும் கட்சி ஏடுகளுமே அவர்தம் வாயாயின. சிறுபான்மை உடைமை என்னும் கோரிக்கையை எழுப்புவோர், அச்சிறுபான்மைக்குள்ளே உடைமையற்றோர் எவர் என்ற கேள்வியையும் உடன் எழுப்பாவிடின், அது ஒரு வகுப்பாரின் வியாபாரக் கோரிக்கையாகவே முடியும்.

அச்சில் இவ்வாறிருக்க, வானொலியின் கதை வேறு. 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய நாள் முதல் அது அரசின் சொத்து. பின்னாளில் 'இலங்கை வானொலி' என்று பெயர் பெற்று, வர்த்தக சேவையின் வாயிலாகத் தமிழகத்துச் சிற்றூர்களையும் கவர்ந்தது. அதன் தமிழ் ஒலிபரப்பின் தரத்தை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. நாடகமும் இசையும் உரைச்சித்திரமும் அங்கே செழித்தன. குடாநாட்டுக் கலைஞர் பலர் அதனால் வாழ்வு பெற்றனர். ஆயினும் தமிழிற் பேசுவதற்கு நேரம் ஒதுக்கப்படுவது ஒன்று; எதைப் பேசலாம் என்று தீர்மானிக்கும் உரிமை மற்றொன்று. முன்னையது கிடைத்தது. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி 1967 ஜனவரியில் வானொலி கூட்டுத்தாபனமாக மாறியபோதும், பின்னையது அமைச்சரின் மேசையை விட்டு அகலவில்லை. 1979இல் அநுராதபுரத்திலும், அடுத்து வந்த ஆண்டுகளில் மாத்தறையிலும் கண்டியிலும் பிராந்திய சேவைகள் தோன்றின. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு அவ்வாறான ஒரு சேவை கிட்டவில்லை.

இனி, இடதுசாரிகளாகிய நாம் நம்மையே நோக்கவேண்டிய பகுதிக்கு வருகின்றோம். டி. ஆர். விஜயவர்தன நிறுவிய லேக் ஹவுஸ் பெருமுதலாளித்துவத்தின் கோட்டை என்பதில் ஐயமில்லை. 1932இல் பிறந்த 'தினகரன்' அக்கோட்டையின் தமிழ் அறை. அந்த அறையிலும் ஒரு காலம் காற்று வீசியதுண்டு. 1959 முதல் 1961 வரை க. கைலாசபதி ஆசிரியராக இருந்தபோது முற்போக்கு எழுத்தாளர்க்கு அதன் பக்கங்கள் திறந்தன. ஆனால் ஆசிரியர் போனார், உடைமையாளர் இருந்தார். ஆசிரியரின் நல்லெண்ணம் உடைமைக்கு ஈடாகாதென்பதை அப்போதே நாம் கற்றிருக்கலாம்.

1973ஆம் ஆண்டு, ஐக்கிய முன்னணி ஆட்சியில், 28ஆம் இலக்கச் சட்டம் லேக் ஹவுஸின் பங்குகளில் நூற்றுக்கு எழுபத்தைந்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. ஏகபோகம் ஒழிந்தது என்று நம்மிற் பலர் மகிழ்ந்தோம். பங்குகள் பின்னர் பொதுமக்களிடையே பரந்த அளவிற் பகிரப்படும் என்பதே அன்று தரப்பட்ட வாக்குறுதி. அது நிறைவேறவேயில்லை. ஆட்சிகள் மாறின, சிவப்பும் பச்சையும் நீலமும் மாறி மாறி வந்தன, அந்தப் பங்குகளை மட்டும் எவரும் விடவில்லை. ஏகபோகம் கைமாறியது, அவ்வளவே.

நம் தவறு எங்கே நேர்ந்தது? அரசுடைமையை மக்களுடைமை என்று கொண்டோம். 1956இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கி, 1972இன் அரசியலமைப்பால் அதனை மேலும் உறுதிப்படுத்திய ஓர் அரசில், அரசுடைமை என்பது பெரும்பான்மையின் உடைமையாகவே இயங்கும். தனியார் முதலாளி இலாபம் கருதியேனும் தமிழ் வாசகனை மதித்தான். அரசுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. முதலாளியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தேசியமயம் என்ற சொல்லில் 'தேசியம்' எது என்று கேட்க மறந்தோம் என்பதற்காகச் சொல்கின்றோம்.

கொழும்பிலிருந்து அன்றி, யாழ்ப்பாண மண்ணிலிருந்தே ஒரு நாளேட்டை நடத்தலாம் என்று காட்டியது 'ஈழநாடு'. 1959இல் கே. சி. தங்கராசாவும் அவர் சகோதரரும் தொடங்கிய அது, சில ஆண்டுகளில் தினசரியாயிற்று. 1981 ஜூன் தொடக்கத்தில், யாழ் பொது நூலகத்தோடு அதன் அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தின் தொண்ணூற்றேழாயிரம் நூல்களுக்காக உலகம் கண்ணீர் விட்டது. அச்சகத்தை நினைத்தவர் குறைவு. எரித்தவர்க்கோ இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் 'ஈழமுரசு', 'முரசொலி' ஆகியவற்றின் அச்சகங்களைத் தகர்த்தனர். 1985இல் தோன்றிய 'உதயன்' அலுவலகத்தில் 2006 மே 2ஆந் திகதி ஊழியர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். உடைமையைச் சட்டத்தாற் பறிப்பது ஒரு வழி. நெருப்பாற் பறிப்பது வேறு வழி.

1990இல் தொடங்கிய 'புலிகளின் குரல்' இம்மண்ணிலிருந்தே ஒலித்தது உண்மை. ஆனால் ஓர் இயக்கம் பேச ஏனையோர் கேட்கும் வானொலி அது. மாற்றுக் கருத்துக்கு அங்கே அலைவரிசை இல்லை. சைக்கிள் சக்கரத்தைச் சுற்றியவர்கள் லண்டனையும் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளில் தனியார் வானொலிகள் பெருகின. 1998இல் 'சூரியன்', 'சக்தி' எனத் தமிழ் எப்.எம். நிலையங்கள் பிறந்தன. ஒன்று சிங்கள முதலாளியின் வலையமைப்பில் ஒரு கிளை. மற்றொன்று கொழும்பிலுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெருநிறுவனத்தில் ஒரு கிளை. இவ்விரண்டாவது நிறுவனம், நம் நாட்டுச் சிறுபான்மை உடைமைக்கு எடுத்துக்காட்டென்று கூறத்தக்கது. ஆயினும் கொழும்பு விளம்பரச் சந்தையின் கணக்கே இரு நிலையங்களுக்கும் உயிர்மூச்சு. பருத்தித்துறை மீனவனின் கடல் தடையும், வலிகாமம் வடக்கில் காணி இழந்தவனின் வழக்கும் அச்சந்தையில் எந்த விலைக்குப் போகும்?

அமெரிக்காவில் இதே பிரச்சினை வேறொரு வடிவில் எழுந்தது. எழுபதுகளில் அங்கிருந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களில், கறுப்பினத்தார் முதலிய சிறுபான்மையினர்க்குச் சொந்தமானவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1978இல் அந்நாட்டுச் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு கொள்கையை வகுத்தது. நிலையத்தைச் சிறுபான்மையினர்க்கு விற்பவருக்கு வரிச் சலுகை. உரிமம் இழக்கும் ஆபத்திலுள்ளவர், சந்தை விலையின் முக்காற் பங்குக்கு மேற்படாமற் சிறுபான்மையினர்க்கு விற்று விலகலாம். 1990இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அக்கொள்கையை ஏற்றது. சிறுபான்மை நிலையங்கள் பன்மடங்காயின. ஆனால் பெருங்குழுமங்கள் சிறுபான்மைப் பெயரை முன்நிறுத்தி வரி தப்புகின்றன என்ற கூச்சல் எழுந்து, 1995இல் காங்கிரஸ் வரிச் சலுகையை ஒழித்தது. மறு ஆண்டுச் சட்டம், ஒருவர் நாடெங்கும் எத்தனை வானொலிகளையும் வாங்கலாம் என்று கதவைத் திறக்க, இணைப்புகள் பெருகிச் சிறிய உடைமையாளர் விழுங்கப்பட்டனர். எஞ்சிய கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கும் 2021 ஏப்ரலில் நீதிமன்றம் இடங்கொடுத்தது. முதலாளித்துவம் தன் கையால் வழங்கும் சலுகையைத் தன் கையாலேயே மீட்டுக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும், அங்கே உரிமம் கைமாறும்போது 'யாருக்கு?' என்ற கேள்வியாவது சட்டத்தின் முன் கேட்கப்பட்டது.

இங்கே அக்கேள்வியே எழவில்லை. தனியார் வானொலிக்குரிய அனுமதி, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ் அமைச்சரால் வழங்கப்படுவது. தொலைக்காட்சிக்கு ரூபவாஹினிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. ஒருவர் எத்தனை நிலையங்களை வைத்திருக்கலாம், விற்கும்போது யாருக்கு முன்னுரிமை, ஒரு மொழி பேசுவோரின் பிரதேசத்தில் அவர்தம் பங்கு எவ்வளவு என்பன பற்றி அப்பிரிவுகள் வாய் திறக்கவில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதா வந்தபோது உயர் நீதிமன்றம் அதனை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கண்டது. அலைவரிசைகள் மக்களின் பொதுச் சொத்து. அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசின் பிடிக்கு வெளியே இருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். மசோதா போயிற்று, பழைய பிரிவுகள் எஞ்சின. 2007 ஒக்டோபரில் 'சூரியன்' உட்பட ஒரே வலையமைப்பின் ஐந்து வானொலிகள் ஓர் ஆணையால் வாய்மூடின. அனுமதியைத் தந்த கைக்கு அதனைப் பறிக்கவும் நேரம் பிடிக்கவில்லை.

இதே குடாநாட்டில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு மருத்துவமனையையே எழுப்பி நடத்தினர். ஆசிரியர் சங்கமும், கடற்றொழிலாளர் சங்கமும், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கமும் பங்குதாரராக இருந்து, எவரும் தனியே விற்கமுடியாதபடி ஒரு வானொலியை நடத்த முன்வருவார்களாயின், எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிப்பது? 44ஆம் பிரிவின் கீழேதான், அமைச்சருக்கேதான். காங்கேசன்துறையில் அலைவரிசை கேட்பவனும் காலிமுகத்திடலில் கேட்பவனும் அந்த ஒரே மேசையின் முன் நிற்கவேண்டும். முந்தி நிற்பவன் யார் என்பதைப் பணமும் பழக்கமுமே தீர்மானித்து வந்திருக்கின்றன.