யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்த நோய்



நம்ம குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி, தவணை எல்லாத்தையும் வாய்விட்டுப் பேசுகிறோம். "எனக்கு ரொம்ப நாளா வெள்ளைப்படுது", "அடிவயித்து வலி தாங்கல" என்பதை மட்டும் கூட்டம் முடிந்த பிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு காதாகச் சொல்கிறோம். "உடம்புச் சூடுதான்க்கா, பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கும்" என்று பதில் வரும். அதோடு சரி. நம்ம மாதிரி கிராமத்துப் பெண்களின் இந்தச் சங்கடத்தை உலகமே கவனிக்கும்படி செய்த ஒரு டாக்டரம்மாவின் வரலாறு இது.

அவர் பெயர் ராணி பங். மகாராஷ்டிராவைச் சேர்ந்த பெண்கள் நோய் மருத்துவர். அவரும் கணவர் டாக்டர் அபய் பங்கும் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்தார்கள். படித்த படிப்புக்கு எங்கே போயிருந்தாலும் வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1980களின் நடுவில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் கட்சிரோலி. மகாராஷ்டிராவின் கிழக்குக் கோடியில், காடும் பழங்குடி கிராமங்களும் நிறைந்த ஏழை மாவட்டம். அங்கே 'சர்ச்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு அரசாங்க வைத்தியம் என்றால் பெரும்பாலும் இரண்டுதான்: ஒன்று பிரசவம், இன்னொன்று குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். பிள்ளை பெறாத நாளில் அவள் கர்ப்பப்பை எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. பெண்ணும் தானாக வந்து சொல்லவில்லை. "யாரும் சொல்லவில்லையே, அப்படியென்றால் நோய் இல்லை" என்று மேலே உள்ளவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ராணி பங் குழுவினர் இதை மாற்றி யோசித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது என்று, இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டு அங்கே வாழும் பெண்களையே பரிசோதித்தார்கள். "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னவர்களையும் விடவில்லை. மொத்தம் 650 பெண்கள் ஆய்வில் பங்கெடுத்தார்கள். உள் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ள ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நமக்குத் தெரியும். இந்த வரலாற்றில் அவர்களுக்கும் பாதிப் பங்கு உண்டு.

முடிவுகள் 1989 ஜனவரியில் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தன. நூற்றுக்கு 92 பெண்களுக்குப் பெண்ணுறுப்பு, கர்ப்பப்பை சம்பந்தமான ஏதாவது ஒரு நோயாவது இருந்தது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு 3.6 நோய்கள். அதில் பாதி, கிருமித் தொற்று. இத்தனைக்கும் 45 சதவீதம் பேர் தங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பு இதற்காகப் பரிசோதனையும் வைத்தியமும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான்.

"எல்லாம் ஆபரேஷன் பண்ணதுல வந்தது" என்று நம்மில் பலர் சொல்வோம். பெண்களுக்கான கருத்தடை முறைகளுக்கும் நோய்க்கும் தொடர்பு இருந்ததை ஆய்வு மறைக்கவில்லை. ஆனால் மொத்த நோயில் கொஞ்சத்துக்குத்தான் அது காரணமாக இருக்க முடியும் என்பதையும் சொன்னது. கிராமத்து ஆரம்ப சுகாதாரச் சேவையிலேயே பெண்கள் நோய் வைத்தியமும் சேர வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்த கோரிக்கை.

1994-ல் கெய்ரோவில் நடந்த உலக மக்கள்தொகை மாநாடு, பிள்ளைகளின் எண்ணிக்கையைவிடப் பெண்ணின் உடல்நலமும் உரிமையும் முக்கியம் என்று ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1996-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைக்கும் முறை கைவிடப்பட்டது. 1997-ல் இனப்பெருக்க, குழந்தைகள் நலத் திட்டம் வந்தது. பல பேர் போராடிக் கிடைத்த மாற்றம் இது. கட்சிரோலிப் பெண்களின் கணக்கு அதற்குப் பலமான சாட்சியாக நின்றது. 2018-ல் ராணி, அபய் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சரி, நாம் என்ன செய்வது? மாதவிலக்கு நாட்களின் நடுவில் நிறமில்லாமல், வாடையில்லாமல் கொஞ்சம் ஈரம் படுவது இயல்புதான். பச்சையாகவோ மஞ்சளாகவோ பட்டால், நாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தால் டாக்டரிடம் காட்டணும். சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிட்டால்தான் குணமாகும். மாதவிலக்கு நின்ற பிறகோ, தாம்பத்தியத்துக்குப் பிறகோ ரத்தம் பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. 30 வயது தாண்டியவர்களுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவாகப் போவோம். பேங்குக்கு முதல் தடவை போனபோதும் அப்படித்தானே போனோம்!