ஆர்க்ரைட்: மாவுப் பெட்டி தந்த குடும்பப்பெயர்
ஆர்க்ரைட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பஞ்சாலைதான். 1769இல் நூற்பு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1771இல் குரோம்ஃபோர்டில் ஆலை தொடங்கிய ரிச்சர்ட் ஆர்க்ரைட் அவ்வளவு பெயர் பெற்றுவிட்டார். ஆனால் அந்தக் குடும்பப்பெயருக்கும் பஞ்சுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'ரைட்' என்றால் கைவினைஞர். சக்கரம் செய்தவர் வீல்ரைட், வண்டி செய்தவர் வெயின்ரைட். 'ஆர்க்' என்பது பெட்டியைக் குறிக்கும் 'ஆர்கா' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. நோவாவின் பேழையை வைத்து, இவர்கள் படகு கட்டியவர்களோ என்று எண்ணத் தோன்றும். படகு கட்டியவருக்கு போட்ரைட், ஷிப்ரைட் என்று தனிப்பெயர்களே இருந்தன. நோவாவின் கலத்துக்கு 'ஆர்க்' என்ற பெயர் வந்ததும் லத்தீன் விவிலியம் அதைப் பெட்டி என்று சொன்னதால்தான்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் நார்ப்போக்கிலேயே பிளந்து பலகையாக்குவார்கள். பலகையோடு பலகையைக் காடியில் பொருத்தி மர முளைகளால் இறுக்குவார்கள். மூலைக்கட்டைகளே கால்களாகி, ஈரத்தரையிலிருந்து பெட்டியைத் தூக்கி நிறுத்தும். மூடி கூரைபோல் சரிந்திருக்கும். கழற்றிக் கவிழ்த்தால் மாவு பிசையும் தொட்டி. குளிரும் மழையும் மிகுந்த வட இங்கிலாந்தில் அந்நாளில் கோதுமை சரியாக விளையாது. ஓட்ஸே அன்றாட உணவு. அந்த மாவை மாதக்கணக்கில் பூசணம் பிடிக்காமல் காக்க நல்ல பெட்டி வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். ஆர்க்ரைட் என்ற பெயர் லங்காஷயரில் அடர்ந்திருப்பதற்கு இந்த அடுப்படித் தேவையே காரணம் என்பது என் முடிவு. 1881 மக்கள்தொகைக் கணக்கிலும் அந்த அடர்த்தி தெரிகிறது.

பெட்டி செய்பவர் எந்த ஊரில்தான் இல்லை, பெயர் மட்டும் ஏன் இத்தனை அரிது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெற்கில் இத்தகைய பெட்டிக்கு பிரெஞ்சு வழிவந்த 'ஹட்ச்' என்ற சொல் வழங்கியது. 'ஆர்க்' வடக்கின் வீட்டுப்பேச்சில் நிலைத்தது. தொழிற்பெயர்கள் தலைமுறைப் பெயர்களாக உறைந்தபோது அந்தத் தொழிலில் இருந்த குடும்பங்களும் சிலவே; ஆண்வாரிசு இல்லாத கிளைகளோடு பெயரும் அற்றுப்போனது. ஆலை முதலாளியின் செல்வாக்குதான் பெயரைப் பரப்பியது என்ற வாதமும் நிற்காது. ரிச்சர்ட் 1732இல் பிறந்ததே லங்காஷயரின் பிரஸ்டனில், ஒரு ஏழைத் தையற்காரர் வீட்டில். பெயர் அவருக்கு முன்பே அங்கே இருந்தது. அவர் சம்பாதித்த பணத்தின் தடம் வேறிடத்தில் தெரிகிறது. ஹெரிஃபோர்ட்ஷயர் ஆர்க்ரைட்டுகள் அவருடைய மகன் அங்கே பெரும் பண்ணை வாங்கியதால் குடியேறிய வழியினர்.