வளையும் உடல், நோகும் தசை

சமயநல்லூர்ச் சாலையோரத்தில் கழைக்கூத்துச் சிறுமி வில்லாய் வளையக் கண்டு கைதட்டியவர்கள் நாம். கயிற்றில் ஆடுவோரின் பறையொலியைக் குறுந்தொகையின் 7ஆம் பாடலே அறியும். ஆட்டம் முடிந்தபின் அவ்வுடல் படும் நோவையோ நாம் வினவியதில்லை.

மருத்துவமும் பிந்தியே வினவியது. மூட்டுகள் மிகையாக நெகிழ்வோருக்கு வரும் மூட்டு, தசை வலிகளைத் தனியொரு நோய்த்தொகுதியாக 1967இல் கிர்க், ஆன்செல், பைவாட்டர்ஸ் ஆகிய மூவர் விவரித்தனர். கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா என்பது முதலான 9 புள்ளிச் சோதனை, 1973இல் பெய்ட்டன் குழுவினர் தென்னாப்பிரிக்காவில் நடத்திய ஆய்வின்வழி நிலைபெற்றது.

மூட்டைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருப்பின், அவற்றின் பணியையும் தசைகளே சுமந்து களைக்கின்றன என்பது ஒரு விளக்கம். நெகிழ்வோர் அனைவரும் நோவோர் அல்லர். ஆயினும் நோவோரிடம், 'நன்றாகத்தானே வளைகிறாய்' என்று நாம் இனியும் சொல்லலாகாது.