கலபார் பட்டினமும் அதன் தோட்டத்து மக்களும்

செம்பனையை அறியாத தமிழர் இந்நாட்டில் இலர். தோட்டத்தில் வாழ்வோர் அதன் குலையை வெட்டிச் சுமந்து அறிவர். பட்டினத்தில் வாழ்வோர் அதன் எண்ணெயில் பொரித்ததை உண்டு அறிவர். ஆயின் இம்மரம் இந்நாட்டுக்கு உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவே அதன் தாயகம். 1848-ம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பெற்ற நான்கு கன்றுகளின் சந்ததியே பின்னர் சுமத்திராவிலும் மலாயாவிலும் பரவிற்று. 1917-ம் ஆண்டில் சிலாங்கூரில் அது வர்த்தகப் பயிராயிற்று. நாள்தோறும் குலைகளின் எடையைக் கணக்குப் புத்தகத்தில் பதியும் நாம், இம்மரம் பிறந்த மண்ணில் இதன் எண்ணெயால் வளர்ந்த பட்டினம் ஒன்றின் வரலாற்றை அறிய விரும்பினோம். அதில் நாம் கண்டவற்றை அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

நைஜீரியா தேசத்தின் தென்கிழக்கு மூலையில், கலபார் ஆற்றின் கரையில் அமைந்தது கலபார் பட்டினம். அவ்வாறு கிராஸ் என்னும் பேராற்றின் அகன்ற முகத்துவாரத்தில் வந்து கூடுகின்றது. கடலினின்றும் பல மைல் உள்ளே இருப்பினும் பெருங்கப்பல்கள் பட்டினம் வரை ஏறிவர இடமுண்டு. மீன் பிடித்தும் ஓடம் செலுத்தி வாணிகம் செய்தும் வாழ்ந்த எஃபிக் என்னும் மக்கள் இங்குக் குடியேறினர். கிரீக் டவுன், ஓல்டு டவுன், டியூக் டவுன் என ஐரோப்பியர் பெயரிட்டழைத்த ஊர்கள் பலவும் சேர்ந்ததே பழைய கலபார். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனித் தலைவர் உண்டு. எல்லோரையும் ஒருங்கே கட்டியது எக்பே என்னும் இரகசியச் சங்கம். சிறுத்தையின் பெயர் தாங்கிய அச்சங்கத்தில் பணம் கொடுத்துப் படிப்படியாகப் பதவி பெறலாம். சட்டம் இடுவதும், கடனை வசூலிப்பதும், தண்டனை விதிப்பதும் அதுவே. வெள்ளைக்கார வர்த்தகர் சிலரும் தமக்கு வரவேண்டிய கடனை வாங்குதற்பொருட்டு அதில் அங்கம் பெற்றனர் எனின், அதன் வலிமை விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டு முதல் இப்பட்டினத்தின் பெருஞ்சரக்கு மனிதரே. கலபார், பானி முதலிய துறைகள் அடங்கிய அக்கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோர் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகின்றனர். வர்த்தகம் நடந்த முறை வருமாறு: கப்பல் தலைவன் துணி, செம்புக் கம்பி, துப்பாக்கி முதலியவற்றை ஊர் வர்த்தகனிடம் கடனாகக் கொடுப்பான். வர்த்தகன் தன் மகனையோ உறவினனையோ கப்பலில் ஈடாக வைப்பான். பின்னர் ஓடங்களில் ஆற்றின்மேல் சென்று அடிமைகளை வாங்கி வருவான். குறித்த காலத்தில் கணக்குத் தீராவிடின் ஈடாக நின்ற பிள்ளையும் சரக்காய்ப் போய்விடும்! முன்பணமும் பற்றுவரவும் எழுதிப் பழகிய நமக்கு இதைப் படித்தபோது கை நடுங்கிற்று.

1767-ம் ஆண்டில் ஓல்டு டவுனுக்கும் டியூக் டவுனுக்கும் பகை முற்றியிருந்தது. சமாதானம் செய்விப்பதாகக் கூறி ஆங்கிலக் கப்பல் தலைவர்கள் ஓல்டு டவுன் மக்களைத் தங்கள் கப்பல்களுக்கு அழைத்தனர். வந்தவர்களை டியூக் டவுன்காரரோடு சேர்ந்து வெட்டியும் சுட்டும் வீழ்த்தினர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பிடிபட்டோருள் இருவர் ஓல்டு டவுன் தலைவன் குடும்பத்தினர். மேற்கிந்தியத் தீவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் அடிமைகளாய்ச் சென்ற அவர்கள், இங்கிலாந்தில் நீதிமன்றத்தின் உதவியால் விடுதலை பெற்று 1774-ல் ஊர் திரும்பினர். திரும்பியபின் பழைய அடிமை வர்த்தகத்தையே மேற்கொண்டனர். தாம் பட்ட துன்பமும் அவர்களுக்குப் பாடம் ஆகவில்லை.

அக்காலத்து வாழ்வை நமக்குக் காட்டுவது அன்டேரா டியூக் என்னும் எஃபிக் வர்த்தகர் எழுதிய நாட்குறிப்பு. 1785 முதல் 1788 வரை, கப்பற்காரரிடம் கேட்டுப் பழகிய ஆங்கிலத்தில் அவர் அதனை எழுதினார். இன்று எத்தனை அடிமைகள், இன்று எக்கப்பல் புறப்பட்டது, இன்று எங்கே விருந்து என்பனவற்றை எழுதிய அதே பேனா, 1786-ல் டியூக் பெருந்தலைவரின் ஈமச்சடங்கில் ஒரே நாளில் ஐம்பது அடிமைகளின் தலை வெட்டப்பட்டதையும் எழுதியிருக்கின்றது. சரக்கு விவரத்துக்கும் கொலைக்கும் இடையே அவர் எழுத்தில் யாதொரு மாறுதலும் இல்லை. மறு உலகில் தலைவனுக்கு ஏவல் செய்ய ஆள் வேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் காரணம்.

நிற்க. 1807-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை வர்த்தகத்தைத் தடுத்தது. கலபாரில் அது முற்றும் ஓய 1840-களாயின. இதற்கிடையில் இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின. இயந்திரத்துக்கு மசகு, சோப்பு, மெழுகுவர்த்தி ஆகிய எல்லாவற்றுக்கும் எண்ணெய் வேண்டியதாயிற்று. உள்நாட்டு ஊர்களில் ஆண்கள் மரமேறி வெட்டிய குலைகளைப் பெண்கள் வேகவைத்துப் பிழிந்தனர். அவ்வெண்ணெய் ஓடங்களில் இறங்கி வந்து, பீப்பாய்களில் நிறைந்து, லிவர்ப்பூலுக்குப் போயிற்று. தலைவர்கள் செல்வராயினர். எயம்பா என்னும் அரசர் லிவர்ப்பூலிலிருந்து இரும்பு மாளிகையொன்றைத் துண்டு துண்டாக வரவழைத்து நிறுத்தினார். வெளிநாட்டுக்கு விற்க முடியாத அடிமைகள் என்ன ஆயினர்? பட்டினத்துக்குக் கிழக்கே அக்பாபுயோ முதலிய இடங்களிலுள்ள தோட்டங்களில் குடியேற்றப்பட்டு, பட்டினத்துக்கு உணவு விளைத்தனர். தலைவன் இறந்தால் கூட இறக்கவேண்டியவர்களும் அவர்களே.

1846-ல் ஹோப் வாடெல் என்னும் பாதிரியார் ஜமெய்க்காத் தீவிலிருந்து வந்தார். அங்கு அடிமைத்தளை நீங்கப்பெற்ற மக்கள் தம் மூதாதையர் நாட்டுக்கு உதவ விரும்பியதே அவ்வருகைக்கு ஒரு காரணம். பாதிரிமாரும் கப்பல் தலைவர்களும் வற்புறுத்த, 1850 பிப்ரவரியில் நரபலி கூடாது என்று எக்பே சங்கம் சட்டம் இட்டது. ஏட்டில் சட்டம் வந்தது; ஆனால் அதை நிறைவேற்றுவோர் யார்? சட்டத்தை மீறக்கூடியவர்களே சட்டத்தைக் காப்பவர்கள்!

அப்பொழுதுதான் தோட்டத்து அடிமைகள் தாமே எழுந்தனர். ஒருவர் இரத்தத்தை ஒருவர் பகிர்ந்து, ஆபத்தில் ஒருவரையொருவர் கைவிடோம் என்று உறுதி பூண்டனர். இரத்த உறவினர் எனச் சரித்திரம் அவர்களை அழைக்கின்றது. வெவ்வேறு ஊர்களிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டு, வெவ்வேறு மொழி பேசி, ஒரே தோட்டத்தில் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். பிறப்பால் உறவில்லாதார் உறுதியால் உறவாயினர். 1851 ஜனவரியில் தம்மவர் சிலர் பிடிபட்டதும் திரளாகப் புறப்பட்டுப் பட்டினத்தை நடுங்கச் செய்தனர். பிரிட்டிஷ் கான்சல் பீக்ராஃப்ட் வந்து உடன்படிக்கை செய்வித்தார். நரபலித் தடை நிலைபெறும் என்று அதில் கண்டிருந்தது. எஜமானன் தண்டிப்பதில் தலையிட அடிமைகள் ஒன்றுகூடலாகாது என்றும் அதே உடன்படிக்கை விதித்தது. உயிரைக் கொடுத்துச் சங்கத்தை எடுத்துக்கொள்ள நினைத்தனர் பெரியோர். ஆயினும் சங்கம் கலையவில்லை. 1852-ல் அர்ச்சிபாங் அரசர் இறந்தபோது தோட்டத்து மக்கள் பட்டினத்தில் வந்து நிறைந்தனர். அவரோடு கூட அடிமை எவரும் பலியிடப்படவில்லை.

அவர்கள் செய்ததெல்லாம் நன்று என்று கூறோம். அச்சாவுக்குச் சூனியமே காரணம் என்ற பழியின் பேரில், பிரபுக்கள் பலருக்கு எஸெரே என்னும் நச்சு விதையைக் கொடுத்துச் சோதிக்கும் கொடுமைக்கு அவர்களும் துணை நின்றனர். உண்டவன் கக்கினால் குற்றமற்றவன். செத்தால் குற்றவாளி என்பது அச்சோதனை. அவ்விதையை ஆராய்ந்த ஐரோப்பிய ரசாயன நிபுணர்கள் 1864-ல் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். கண்ணழுத்த நோய்க்கு அது மருந்தாயிற்று. 1935-ல் அச்சாரத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் பெர்சி ஜூலியன். அவர் அமெரிக்காவில் அடிமையாயிருந்தவரின் பேரன். அச்சத்தோடு விழுங்கிய விதையை அறிவோடு ஆராய்ந்தபோது அது கண்ணுக்கு ஒளி தந்தது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிக் கூறுவோம். 1885-ல் பிரிட்டிஷார் அப்பிரதேசத்தை எண்ணெய் ஆறுகளின் காப்பரசு என்று பெயரிட்டுத் தம் பாதுகாப்பில் கொண்டனர். 1891 முதல் கலபாரே அதற்குத் தலைநகர். தோற்கடிக்கப்பட்ட பெனின் அரசர் 1897-ல் இங்கேதான் நாடு கடத்தப்பட்டு, 1914-ல் இங்கேயே இறந்தார். டண்டீ நகர ஆலைத் தொழிலாளியாயிருந்து 1876-ல் மிஷன் ஊழியராக வந்த மேரி ஸ்லெஸ்ஸர், இரட்டைப் பிள்ளைகளைக் கொல்லும் வழக்கத்தை எதிர்த்து உழைத்து, 1915-ல் இம்மண்ணிலேயே மறைந்தார். 1895-ல் தோன்றிய ஹோப் வாடெல் கல்விச்சாலையில் பயின்றவருள், பின்னாளில் நைஜீரியாவின் முதல் ஜனாதிபதியான அஸிகிவேயும் ஒருவர். எனினும் 1901-ல் அரசாங்கம் இட்ட வீட்டாட்சிச் சட்டம், ஒவ்வொரு தலைவன் வீட்டையும் சார்ந்தவர்கள் அவ்வீட்டை விட்டு நீங்காதபடி கட்டிற்று. அடிமை என்ற சொல்லை விலக்கி, அடிமையின் கட்டை வைத்துக்கொண்டதே அதன் பயன். அச்சட்டம் 1914-ல்தான் நீக்கப்பட்டது.

1906-ல் தலைநகர் லேகாஸுக்குப் போயிற்று. 1916-ல் எனுகு நிலக்கரிச் சுரங்கத்துக்கு இருப்புப்பாதை போடப்பட்டது; அது புதிதாய் எழுந்த ஹார்க்கோர்ட் துறைமுகத்துக்குச் சென்றதேயன்றிக் கலபாருக்கு வரவில்லை. ஆற்றினால் வளர்ந்த பட்டினம் ரயிலினால் தளர்ந்தது. இன்று அது கிராஸ் ரிவர் மாகாணத்தின் தலைநகர். 1884-ல் பிரிட்டனிலிருந்து கொணர்ந்து நிறுத்தப்பட்ட அதிகாரி மாளிகை இப்போது பொருட்காட்சிசாலையாய் நிற்கின்றது.

ஆங்கிலப் பள்ளியில் நாம் படித்த சரித்திரத்தில், அடிமைகளுக்கு விடுதலை அளித்த பிரபுக்களின் பெயர்கள் இருந்தன. பரீட்சைக்கு அவற்றை மனனம் செய்தோம். அக்பாபுயோத் தோட்டத்து மக்கள் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. அவர்கள் எழுத்தறியார்; நாட்குறிப்பு எழுதினாரில்லை. எழுதியவர் அன்டேரா டியூக். அவர் கணக்கில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. நாமும் ஆள் கணக்கு எழுதுகின்றோம். இவ்வரலாற்றைப் படித்த பின்னர், வரிசையில் நிற்போரை எண்ணும்போது நம் பேனா சிறிது தயங்குகின்றது.

பாதிரிமார் பேசினர், கான்சல் எழுதினார், எக்பே முழங்கிற்று. ஆயினும் தலைவனின் சவக்குழியருகே அடிமையின் உயிரைக் காத்தது, அடிமைகளின் ஒற்றுமையே. சுதந்தரத்தை அவர்கள் காணவில்லை. தம் பிள்ளைகள் உயிரோடு இருப்பதைக் கண்டனர். பின்வந்தவற்றுக்கெல்லாம் அதுவன்றோ முதற்படி? செம்பனைக் குலையைச் சுமக்கும் ஒவ்வொருவரும் இதனைத் தம் மக்களுக்கு எடுத்துக் கூறுவாராக.