பள்ளி எந்தத் தெருவில்? அரசுப் பள்ளிகளின் இடத்தேர்வும் சாதியும்

ஓர் ஊராட்சிக்குப் புதிய பள்ளியோ, பழைய பள்ளிக்குப் புதிய கட்டடமோ ஒப்பளிக்கப்படும்போது கிராமத்தில் முதலில் எழும் கேள்வி, அது எந்த இடத்தில் அமையும் என்பதே. அரசுக் கோப்புகளில் இக்கேள்வி நிலம் கிடைப்பது பற்றிய நிருவாகச் சிக்கலாகப் பதிவாகிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் அதன் பொருள் வேறு. யாருடைய குழந்தை யாருடைய தெரு வழியே நாள்தோறும் நடக்க வேண்டும் என்பதைப் பள்ளியின் இடம் முடிவு செய்கிறது. அந்தக் குழந்தை அங்கே உரிமையோடு நுழைகிறதா, பிறர் இசைவோடு நுழைகிறதா என்பதும் அதைப் பொறுத்ததே. இந்த விவாதத்தின் சட்டப் பின்னணி, வரலாறு, அதில் முன்வைக்கப்படும் வாதங்கள், கிராம அளவில் தலையிடும் வழிகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

சட்டம் அளக்கும் தூரம்

2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 21அ உறுப்பு, 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்தது. அச்சட்டத்தின் 6ஆவது பிரிவு, அக்கம்பக்கத்தில் பள்ளி இல்லாத இடங்களில் மூன்று ஆண்டுகளுக்குள் பள்ளியை நிறுவும் கடமையை அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்பின் மீதும் சுமத்தியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் நடந்து செல்லும் தொலைவில் பள்ளி இருக்க வேண்டும் என்று மைய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன.

பொதுவிவாதத்தில் நினைவில் நிற்பவை இந்தத் தூர அளவுகள் மட்டுமே. அதே விதிகளில் உள்ள வேறு இரண்டு ஏற்பாடுகள் அரிதாகவே எடுத்துக்காட்டப்படுகின்றன. முதலாவது, வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை போன்றவற்றால் குழந்தை வந்துசெல்லும் பாதையில் ஆபத்து இருந்தால், தூர எல்லையைக் குறைத்து, ஆபத்தைத் தவிர்க்கும் வகையில் பள்ளியின் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது. இரண்டாவது, சமூக, பண்பாட்டுக் காரணங்களால் குழந்தைகள் பள்ளியை அடைவதில் தடை ஏற்படாதவாறு அரசு உறுதி செய்ய வேண்டும் என்பது. சட்டத்தின் 8ஆவது, 9ஆவது பிரிவுகளும் நலிந்த பிரிவைச் சேர்ந்த குழந்தை எந்தக் காரணத்தாலும் பாகுபடுத்தப்படாமல் தொடக்கக் கல்வியை முடிப்பதை உறுதி செய்யும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் தருகின்றன.

ஆற்று வெள்ளத்தை ஆபத்தாகக் கணக்கில் எடுக்கும் அதிகாரி, ஆதிக்கச் சாதித் தெருவைக் கணக்கில் எடுப்பதில்லை. வரைபடத்தில் 600 மீட்டர் என்பது 600 மீட்டர்தான். அந்த 600 மீட்டரில் எத்தனை திண்ணைகளைக் கடக்க வேண்டும், திருவிழா நாளில் அந்தத் தெரு யாருக்குத் திறந்திருக்கும் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

1919 ஆணையும் தனிப்பள்ளிகளும்

இடமே தடையாக இருந்ததை அரசு முன்பே அறிந்திருந்தது. சென்னை மாகாணத்தில் பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பலவும் அக்கிரகாரங்களிலும் சாவடிகளிலும் கோயிலைச் சார்ந்த இடங்களிலும் அமைந்திருந்தன. சட்டப்படி அவற்றின் கதவு யாருக்கும் மூடப்படவில்லை. ஆயினும் அவை நின்ற தெருவுக்குள் 'பஞ்சமர்' எனப்பட்டோர் நுழைய முடியாது என்பதால், கதவு திறந்திருந்தும் பயனில்லை. 1919இல் மாகாண அரசு பிறப்பித்த ஆணை, பொது நிருவாகத்தில் உள்ள பள்ளிகள் ஒடுக்கப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்கும் உரியவை என்றும், அவர்கள் அணுக முடியாத இடங்களில் உள்ள பள்ளிகளை அணுகக்கூடிய இடங்களுக்கு மாற்ற வேண்டும் என்றும் பணித்தது. சேர்க்கை உரிமையும் இட உரிமையும் ஒன்றே என்பதை அந்த ஆணை ஏற்றுக்கொண்டது.

ஐந்தாண்டுகள் கழித்து அந்த உரிமை தெருவுக்கும் விரிந்தது. பொதுச்சாலைகள், கிணறுகள், பொது இடங்கள் அனைத்தையும் ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதே ஆண்டில் அது அரசாணையாயிற்று. தெருவில் நடக்கும் உரிமை இன்றிப் பள்ளியில் சேரும் உரிமை நிறைவடையாது என்பதற்கு இவ்விரு ஆணைகளையும் சேர்த்துப் படிப்பதே போதும்.

ஆணைகள் இருந்தும் ஊர்ப்பள்ளிகள் எளிதில் திறக்கவில்லை. ஆகவே தொழிலாளர் துறை, சேரிகளிலேயே தனிப்பள்ளிகளைத் தொடங்கியது. பின்னாளில் ஹரிஜன நலப் பள்ளிகள் என்றும், இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்றும் அறியப்படும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. முதல் தலைமுறையாக எழுத்தறிந்த எண்ணற்ற குடும்பங்களுக்கு அவையே வாசல். அதேசமயம், தனிப்பள்ளிகள் பிரிவினையை நிலைக்கச் செய்கின்றன என்ற எதிர்வாதமும் அப்போதே எழுந்தது. 1929இல் ஹார்டாக் குழு, தனிப்பள்ளிகளைவிட அனைவரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளே சரியான கொள்கை என்று கூறியது. இன்றைய விவாதத்தின் இரு முனைகளும் அன்றே உருவாகிவிட்டன.

மூன்று வாதங்கள்

பள்ளியின் இடம் குறித்துத் தலித் மக்களிடையே ஒரே கருத்து நிலவுவதாகக் கொள்வது தவறு. மூன்று நிலைப்பாடுகளைப் பொதுவாகக் காணலாம்.

பள்ளி சேரியில் அமைய வேண்டும் என்பது முதல் நிலைப்பாடு. குழந்தைக்குப் பாதுகாப்பு, பெற்றோரின் கண்காணிப்பு, கட்டடத்தின் மீது மக்களுக்கு உரிமையுணர்வு ஆகியவை இதன் வலிமை. 2003இல் ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களில் இந்தியத் தலித் ஆய்வு நிறுவனம் நடத்திய கள ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. சுகதேவ் தோரட், ஜோயல் லீ ஆகியோர் அதன் முடிவுகளை எழுதினர். தமிழ்நாட்டில் ஆய்வுக்கு உட்பட்ட கிராமங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே மதிய உணவு தலித் குடியிருப்பில் வழங்கப்பட்டது. ஆந்திரத்தில் இந்த விகிதம் ஏறத்தாழ பாதியாக இருந்தது. உணவு எங்கே பரிமாறப்படுகிறது என்பதே யார் தயக்கமின்றி உண்ண முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது அவ்வாய்வு உணர்த்திய செய்தி.

இந்நிலைப்பாட்டின் பலவீனமும் வெளிப்படையானது. பள்ளி சேரிக்கு வந்தால் ஊர்க் குழந்தைகள் அங்கே வருவதில்லை. தனியார் பள்ளி வாகனங்களில் ஏறிவிடுகின்றனர். எண்ணிக்கை குறைகிறது. அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. எண்ணிக்கை சுருங்கிய பள்ளியில் ஐந்து வகுப்புகளும் அவ்விருவர் கையில்தான். ஒருவர் விடுப்பெடுத்தால் பள்ளி ஓராசிரியர் பள்ளி ஆகிறது. அடுத்து, இணைப்பு பற்றிய பேச்சு எழுகிறது. பாதுகாப்புக்காகக் கேட்டுப் பெற்ற பள்ளியே புறக்கணிப்பின் சின்னமாக முடிகிறது.

பள்ளி ஊருக்குள் அமையட்டும், நம் பிள்ளைகள் உரிமையோடு அங்கே செல்லட்டும் என்பது இரண்டாம் நிலைப்பாடு. பொதுச்சொத்து எவரது தெருவில் இருந்தாலும் பொதுச்சொத்தே என்ற கொள்கை அதன் அடிப்படை. திருவிதாங்கூரில் அய்யன்காளி நடத்திய போராட்டம் இம்மரபைச் சேர்ந்தது. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளியில் சேர்த்தபோது, ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தனர். உரிமை நிலைநாட்டப்பட்டது, அதற்கான விலையையும் ஒடுக்கப்பட்டோரே கொடுத்தனர். அந்த விலையை ஆறு வயதுக் குழந்தை நாள்தோறும் தன் தோளில் சுமக்க வேண்டுமா என்பதே இந்நிலைப்பாடு எதிர்கொள்ளும் கேள்வி.

ஊருக்கும் சேரிக்கும் இடைப்பட்ட பொது நிலத்தில், இரு பக்கத்தாரும் சம தொலைவில் வந்துசேரும் வகையில் பள்ளி அமைய வேண்டும் என்பது மூன்றாம் நிலைப்பாடு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதமும் ஆராயத்தக்கது. இடைநிலம் என்று காட்டப்படுவது பெரும்பாலும் புறம்போக்கு. அங்கே செல்லும் பாதை எவருடைய வயலை ஒட்டிச் செல்கிறது, மழைக்காலத்தில் அது எப்படி இருக்கும், ஊர்ப் பக்கம் தார்ச்சாலையும் சேரிப் பக்கம் வரப்புமாக முடிகிறதா என்று பார்த்த பின்னரே அது நடுநிலையா என்று சொல்ல முடியும்.

பள்ளி செல்லும் வழி

இம்மூன்று வாதங்களும் பள்ளிக் கட்டடத்தின் இடத்தை மட்டுமே மையமாகக் கொள்கின்றன. அண்மைய நிகழ்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில், பள்ளிச் சிறுவர்களுக்குத் தின்பண்டம் தர மறுத்து, ஊர்க் கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்ன காணொலி வெளியானது. பள்ளியின் கதவு அங்கே மூடப்படவில்லை. வழியில் இருந்த கடை மூடிக்கொண்டது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக இருப்பதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். ஊருக்குள் நிற்கும் அரசுப் பள்ளி ஊராரின் சொத்தாகக் கருதப்படுவதற்கு இது சான்று.

எனவே பள்ளியின் இடத்தேர்வுக்குச் சரியான அளவுகோல் கட்டடம் நிற்கும் புள்ளி ஆகாது. வீட்டு வாசல் முதல் வகுப்பறை வரையுள்ள முழு வழியே அளவுகோல். ஒரு தலித் குழந்தை எவருடைய தயவையும் நாடாமல், பொதுச்சாலையில் தலைநிமிர்ந்து நடந்து சேரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். ஊர்க் குழந்தைகளும் வந்து சேர வேண்டிய இடமாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், விளைவு தீண்டாமையாகவோ தனிமையாகவோ முடியும்.

வட கரோலினாவின் சார்லட் நகரப் பள்ளிகள் பற்றிய வழக்கில் 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கண்டதும் இதனை ஒத்தது. புதிய பள்ளிகளைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிலிருந்து விலக்கி, வெள்ளையர் புறநகர்களில் கட்டுவதும், குடியிருப்பு மாற்றங்களால் இனக்கலப்பு ஏற்படக்கூடிய பள்ளிகளை மூடுவதும் இனப்பிரிவினையைப் பேணும் கருவிகளாகப் பயன்பட்டன என்று அந்நீதிமன்றம் சுட்டியது. மக்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்த்துப் பள்ளி வருவதைப் போலவே, பள்ளி இருக்கும் இடத்தைப் பார்த்து மக்கள் குடியேறுவதும் நிகழ்கிறது. ஆகவே இன்றைய இடத்தேர்வு, அடுத்த தலைமுறையின் குடியிருப்பு வரைபடத்தையும் எழுதுகிறது.

தமிழ்நாட்டில் அந்த வரைபடத்தை வரைந்ததில் அரசுக்கும் பங்குண்டு. தலித் மக்களுக்கு வீட்டுமனை வழங்க நிலம் கையகப்படுத்தும் தனிச்சட்டம் 1978இல் வந்தது. மனைப்பட்டா கிடைத்தது பெரும் பேறு. ஆனால் அம்மனைகள் பெரும்பாலும் ஊரை விட்டு விலகியே அமைந்தன. குடியிருப்பை விலக்கி வைத்த அரசு, அங்கிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்தைக் குழந்தையின் பொறுப்பாக விட்டுவிட முடியாது.

முடிவெடுக்கும் மேசையில் யார்?

நடைமுறையில் இடம் முடிவாவது ஊராட்சி மன்றத் தீர்மானம், வருவாய்த் துறை தரும் நில வகைப்பாடு, கல்வித் துறையின் பரிந்துரை ஆகிய மூன்றின் சந்திப்பில். இவற்றுடன் நிலக்கொடையும் சேரும். நிலம் கொடுப்பவர் தம் தெருவை ஒட்டிக் கொடுக்கிறார். அரசு செலவின்றி நிலம் கிடைத்ததாக ஏற்கிறது. கொடையின் வழியே பள்ளி எவருடைய பிடிக்குள் செல்கிறது என்பது கேட்கப்படுவதில்லை.

இதில் தலையிடச் சட்டம் சில வாயில்களைத் தந்துள்ளது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ்க் கூடும் கிராம சபையில், மாற்று இடத்தை முன்மொழிந்து தீர்மானமாகப் பதிவு செய்யக் கோரலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவுகளின் பெற்றோர்க்கு விகிதாசார இடம் தரப்பட வேண்டும். புதிய கட்டடத்துக்கான தேவை, குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற வேண்டியது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், பரிசீலிக்கப்பட்ட இடங்கள் எவை, எக்காரணத்தால் விலக்கப்பட்டன என்ற கோப்பைக் கேட்டுப் பெறலாம். வழியை மறிப்பதும், கல்வி நிறுவனத்திலோ கடையிலோ நுழைவதைத் தடுப்பதும் 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி குற்றங்கள்.

இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டியது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் எதிர்காலம். பல துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ்க் கொண்டுவருவதாகத் தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. நீதியரசர் சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையும் அத்திசையிலேயே பரிந்துரைத்தது. துறை மாறுவதால் மட்டும் ஊர்க் குழந்தை சேரிப் பள்ளிக்கு வந்துவிடாது. இணைப்பு என்ற பெயரில் சேரியில் உள்ள கட்டடம் பூட்டப்பட்டு, அங்கே படித்த குழந்தைகள் மட்டும் ஊர்ப்பள்ளிக்கு அனுப்பப்பட்டால், கலந்து படிக்கும் சுமை முழுவதும் ஒரு தரப்பின் மீதே விழும். மாறாக, சேரியில் உள்ள பள்ளியைத் தரம் உயர்த்தி, சுற்றுவட்டாரம் முழுவதற்குமான உயர்நிலைப் பள்ளியாக ஆக்கினால் ஊர் சேரிக்கு வர வேண்டியிருக்கும். அத்தகைய கோரிக்கையை எழுப்ப இதுவே தருணம்.

உங்கள் ஊராட்சியில் பள்ளிக்கு இடம் பார்க்கப்படுகிறது என்றால், கிராம சபைக்குச் செல்லும் முன் நான்கு விவரங்களைத் திரட்டுங்கள்: முன்மொழியப்பட்ட நிலத்தின் புல எண்ணும் வகைப்பாடும், ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் குழந்தை நடக்க வேண்டிய வழி, அது கடக்கும் தெருக்களுடன், விலக்கப்பட்ட மாற்று இடங்களும் காரணங்களும், தலித் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், அவ்வழி பற்றிச் சொல்வது. ஒரு கிலோமீட்டர் என்று அதிகாரி சொல்லும்போது, அந்தக் கிலோமீட்டரை அவரும் குழந்தைகளோடு ஒருமுறை நடந்து பார்க்கும்படி தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.